பட்டறை: கொல்லன் களரியிலிருந்து நாடக மேடை வரை

கோவை கணபதிப் பகுதியில் பட்டறைக்கு வழி கேட்டால் லேத் பட்டறையையோ வெல்டிங் பட்டறையையோதான் காட்டுவார்கள். நாடகம் எழுதுவோர் ஒன்றுகூடி, எழுதியதை வாய்விட்டுப் படித்து, நடிகர்களைக் கொண்டு நடித்துப் பார்த்துத் திருத்துகிற முயற்சிக்கும் அதே பெயர் வழங்குவது சிலருக்கு உறுத்தலாக இருக்கிறது. சொல்லின் வரலாற்றைப் பார்த்தால் அந்த உறுத்தலுக்கு இடமில்லை.

பட்டறை என்பது பட்டடை என்பதன் மறுவடிவம். கொல்லர் காய்ச்சிய இரும்பை வைத்து அடிக்கும் அடைகல்லே பட்டடை. 'சீரிடம் காணின் எறிதற்குப் பட்டடை, நேரா நிரந்தவர் நட்பு' என்னும் குறளில் (821) இப்பொருளிலேயே இச்சொல் வருகிறது. கன்னடத்திலும் தெலுங்கிலும் இதற்கு உறவான சொற்கள் உண்டு. நாளடைவில் கல்லின் பெயர் அது கிடந்த களரிக்கும், பிறகு கைத்தொழில் நடக்கும் எந்தக் கூடத்துக்கும் ஆகிவந்தது.

ஆங்கிலத்தின் 'ஒர்க்‌ஷாப்' என்பதும் தொழிற்கூடத்திலிருந்து கலைக்குப் போன சொல்தான். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பியர்ஸ் பேக்கர் நாடகம் எழுதக் கற்பித்த வகுப்பை ஒட்டி '47 ஒர்க்‌ஷாப்' உருவானது. 1914இல் அவரிடம் பயிலச் சென்றவர்களுள் ஒருவர் அமெரிக்க நாடக ஆசிரியர் யூஜின் ஓ'நீல். தமிழில் இதைப் 'பணிமனை' என்றால் அரசுப் பேருந்துகள்தாம் நினைவுக்கு வரும். 'பயிலரங்கு' பிழையற்ற சொல்லே; ஆனால் அதில் கற்பவர் தெரிகிறாரே ஒழிய, அடிபட்டு உருமாறும் பொருள் தெரிவதில்லை. நாடக ஆசிரியர் ந. முத்துசாமி 1977இல் சென்னையில் தொடங்கிய நாடகக் குழுவுக்குக் 'கூத்துப்பட்டறை' என்று பெயரிட்டது, தெருக்கூத்தில் தாம் கண்ட ஆற்றலையும் கைத்தொழிலின் உழைப்பையும் ஒரே சொல்லில் பிணைத்துவிட்டது. அவருடைய தொடக்க கால நாடக எழுத்துக்கு இடம் தந்த 'நடை' சிற்றிதழ் சேலத்திலிருந்து வந்தது என்பதைக் கொங்கு நாட்டார் கொஞ்சம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

கொங்கு வழக்கில் இச்சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பல்லடம், பொங்கலூர்ப் பக்கம் விலை இறங்கிக் கிடக்கும்போது சின்ன வெங்காயத்தைப் 'பட்டறை போடுவார்கள்'. அடியில் காற்றோடும்படி சற்று உயர்த்தி, பக்கங்களில் படல் கட்டி, மேலே கீற்று வேய்ந்து மாதக்கணக்கில் காத்துவைப்பார்கள். சிறுவயதில் உடுக்கை ஒலியோடு கேட்ட, கொங்கு நாட்டுப்புறக் காவியமான அண்ணன்மார் கதையோ, சாவு வீட்டில் காதில் விழுந்த ஒரு பேச்சோ, ஒரு நாடக ஆசிரியருக்குள் இப்படித்தான் பல காலம் கிடக்கிறது. அழுகியவை போக மிஞ்சியதுதான் நாடகத்துக்கான கரு.

அந்தக் கரு அடைகல்லுக்கு வரும்போது நடப்பதை ஒரு வாசிப்பில் அருகிருந்து பார்த்தேன். நிலத்தை விற்கத் துணிந்த மகனிடம் தந்தை பேசுவதாக ஒரு பக்க வசனம் எழுதப்பட்டிருந்தது. அந்த வேடத்துக்கு வந்த முதியவர் இரண்டு முறை படித்துவிட்டுத் தாளை மடித்துவைத்தார். "கெணத்த என்ன பண்ணுவாங்களாம்?" என்று மட்டும் கேட்டு, மகனைப் பார்க்காமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். எழுதியவர் அந்தப் பக்கம் முழுவதையும் அடித்துவிட்டு, ஓரத்தில் அந்த ஒரு கேள்வியை எழுதிக்கொண்டார்.