ஓடையில் மலநீர் கலக்கிறதா? மனு எழுதும் முன்

செப்டிக் டேங்க் நீரை ஓடையில் விடக்கூடாது என்பதற்கு 1974ஆம் ஆண்டு நீர் மாசு தடுப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவே போதும். ஆனால் ‘ஓடை நாறுகிறது’ என்று மட்டும் எழுதிய மனுவை ‘கள ஆய்வில் குறை இல்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். கலக்கும் இடத்தை நீங்கள்தான் காட்டியாக வேண்டும்.

மழை விட்டு நாலைந்து நாள் கழித்து ஓடைக்கரையில் நடந்து பாருங்கள். காய்ந்து கிடக்க வேண்டிய மழைநீர் வடிகாலில் நீர் ஓடினால் எங்கோ குழாய் சேர்த்திருக்க வாய்ப்பு உண்டு. அந்த வடிகால் ஓடையில் சேரும் வாய்க்கு மேலே, வாயில், கீழே என்று ஒரே நாளில் மூன்று மாதிரி எடுங்கள். பாட்டிலை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்குங்கள். குடிநீர் பாட்டில் உதவாது. ஐஸ் பெட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ‘கிருமி உள்ளது, இல்லை’ என்று மட்டும் சொல்லும் சோதனை ஓடைக்குப் பயன்படாது, எந்த ஓடையிலும் ‘உள்ளது’தான் வரும். 100 மில்லிக்கு மலக் கோலிஃபார்ம் (மலத்தோடு வரும் ஒருவகைக் கிருமி) எத்தனை என்று எண்ணிக்கையாகக் கேளுங்கள். குளிக்கும் நீருக்கே உச்ச வரம்பு 2500. ‘மாடு மேய்கிறது சார், அதுதான்’ என்று அடுத்து ஒரு பதில் வரும். மனிதக் கழிவா, மாட்டுச் சாணமா என்று இந்த எண்ணிக்கை பிரித்துச் சொல்லாது, உண்மைதான். மாடு மேலேயும் கீழேயும்தான் மேய்கிறது. எண்ணிக்கை மட்டும் அந்த வாய்க்குக் கீழே எகிறுவது ஏன் என்று கேளுங்கள்.

இன்னொன்று: உங்கள் அறிக்கையை வைத்து வழக்கு நிற்காது. அதே சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலர், அந்த இடத்துக்கு உரியவருக்கு அறிவிப்புக் கொடுத்து எடுத்து முத்திரையிட்ட கழிவுநீர் மாதிரிதான் நீதிமன்றத்தில் செல்லுபடியாகும். ஆகவே மனுவில் ‘21ஆம் பிரிவின்படி மாதிரி எடுங்கள்’ என்றே எழுதுங்கள்.

ஊராட்சி நீர்வளத்துறையைக் காட்டும், அவர்கள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தை, வாரியம் மறுபடி ஊராட்சியை. சுற்ற வேண்டாம். வீட்டுக் குழாய் என்றால் உள்ளாட்சியின் சுகாதார ஆய்வாளர். ஓட்டல், அடுக்ககம், ஆலை என்றால் வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர். நகல் இருவருக்கும், விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்). வாய்மொழியாக ‘பார்க்கிறோம்’ என்பதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

ராத்திரியில் செப்டிக் டேங்க் லாரி வந்து கொட்டினால் வண்டி எண், நேரம், இடம் குறியுங்கள். அந்த வண்டிக்கு உரிமம் உண்டா, அன்று சுத்திகரிப்பு நிலையப் பதிவேட்டில் அது வந்ததாக இருக்கிறதா என்று 10 ரூபாய் தகவல் உரிமை மனுவில் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம்.