தோற்றவரை அவைக்கு அழைக்கும் கணக்கு: மொரீஷியஸின் எட்டு இருக்கைகள்

மொரீஷியஸில் நாடாளுமன்றத் தேர்தலுக்கு வேட்புமனு கொடுப்பவர், தான் எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர் என்பதையும் அறிவிக்க வேண்டும். இந்து, முஸ்லிம், சீன மொரீஷியர், இந்த மூன்றிலும் சேராதவர்களைக் குறிக்கும் 'பொது மக்கள்' என நான்கே வகைகள். வாக்குச்சாவடியில் அந்த அறிவிப்புக்கு எந்த வேலையும் இல்லை. எல்லா வாக்குகளும் எண்ணி முடிந்த பிறகுதான் அது எடுத்துப் பார்க்கப்படும். இன அடையாளத்தைத் தேர்தலுக்குள் கொண்டுவர உலகம் எத்தனையோ வழிகளை முயன்று பார்த்திருக்கிறது. அவற்றுள் நான் மிகவும் மதிப்பதும், மிகவும் வருந்துவதும் இந்த ஒரு வழியைப் பார்த்துத்தான்.

அந்தத் தீவுக்குப் பூர்வகுடிகள் கிடையாது. டச்சுக்காரர்கள் வந்து போனார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். புதுச்சேரிப் பக்கமிருந்து தமிழ்க் கைவினைஞர்களும் அந்தக் காலத்திலேயே போய்ச் சேர்ந்தார்கள். 1810-இல் தீவு பிரிட்டிஷார் கைக்கு வந்தது. 1835-இல் அடிமைமுறை ஒழிந்தபோது, கரும்புத் தோட்டங்களுக்காக இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிவரும் கப்பல்கள் ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருந்தன. பின்னர் சீன வணிகர்களும் வந்தார்கள். ஆக, 1960-களில் விடுதலை நெருங்கியபோது பாதிக்கும் மேற்பட்டவர்கள் இந்துக்களாக இருந்தார்கள். பெரும்பான்மை ஆட்சி என்றால் தங்கள் கதி என்ன என்ற அச்சம் மற்றவர்களுக்கு இருந்தது. அப்துல் ரசாக் முகமது தலைமையிலான முஸ்லிம் கட்சி அரசியலமைப்பிலேயே பாதுகாப்பு வேண்டும் என்று வற்புறுத்தியது.

பிரிட்டிஷ் இந்தியாவில் 1909-இல் செய்ததுபோல முஸ்லிம்களுக்கென்று தனி வாக்காளர் பட்டியல் வைத்திருக்கலாம். அப்படிச் செய்யாதது மொரீஷியஸின் நல்வாய்ப்பு. தன் சமூகத்தாரிடம் மட்டுமே வாக்குக் கேட்க வேண்டிய வேட்பாளர், பக்கத்துத் தெருக்காரரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசலாம். அங்கே அவருக்கு இழக்க வாக்கு இல்லை. 1966-இல் தேர்தல் முறையை ஆராய பிரிட்டன் அமைத்த பான்வெல் ஆணையமும், அதைத் தொடர்ந்து லண்டனிலிருந்து சமரசம் பேச வந்த அமைச்சர் ஜான் ஸ்டோன்ஹவுஸும் கொண்டுவந்த ஏற்பாட்டில் வாக்காளர் பட்டியல் எல்லோருக்கும் ஒன்றே.

முதன்மைத் தீவு 20 தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் மூன்று உறுப்பினர்கள். ரொட்ரிக்ஸ் தீவுக்கு இரண்டு பேர். மொத்தம் 62. முதன்மைத் தீவின் வாக்காளருக்கு மூன்று வாக்குகள் உண்டு. மூன்றையும் போட்டாக வேண்டும், குறைந்தால் சீட்டு செல்லாது. இந்தக் கட்டாயம் கட்சிகளை எப்படி நடக்க வைக்கிறது என்று பாருங்கள். மூன்று வேட்பாளரையும் ஒரே சமூகத்திலிருந்து நிறுத்தினால் மற்றவர்களுடைய வாக்குகள் நழுவிவிடும். எனவே தொகுதியின் மக்களைப் பார்த்து, மூவரைக் கலந்து நிறுத்துகிறார்கள். தன் சமூகத்தவர் ஒருவருக்கு வாக்களிக்கப் போகிறவர் மற்ற இரண்டு வாக்குகளை வேறு சமூகத்தவருக்கும் அளித்துவிட்டு வருகிறார். இன நல்லிணக்கத்துக்கு அந்த நாட்டில் மிகுதியாக உழைத்தது இந்த மூன்று வாக்குதான் என்பது என் கருத்து. ஆனால் பெயர் வாங்கியது, அடுத்து வரும் எட்டு இருக்கைகள்.

இவற்றை அங்கே 'பெஸ்ட் லூசர்' இருக்கைகள் என்கிறார்கள். தோற்றவர்களில் முன்னணியில் நின்றவர்களுக்குக் கொடுக்கப்படும் இருக்கைகள் என்று பொருள். 62 பேரும் தேர்வான பிறகு தேர்தல் ஆணையம் ஒரு வகுத்தல் கணக்குப் போடுகிறது. ஒரு சமூகத்தின் மக்கள்தொகையை எடுத்து, அது ஏற்கெனவே பெற்ற இருக்கைகளோடு ஒன்றைக் கூட்டி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். யாருக்கு ஈவு அதிகமோ அந்தச் சமூகமே குறைவான இடம் பெற்றது. அடுத்த இருக்கை அதற்கு.

கற்பனையாக ஒரு முடிவை வைத்துப் பார்ப்போம். மக்கள்தொகைக்கு 1972 கணக்கெடுப்பின் எண்கள்: இந்துக்கள் 4,28,167, பொது மக்கள் 2,36,867, முஸ்லிம்கள் 1,37,081, சீன மொரீஷியர் 24,084. தேர்தலில் இவர்கள் முறையே 37, 16, 8, 1 இடங்கள் பெற்றார்கள் என்று கொள்வோம். 38, 17, 9, 2 ஆகியவற்றால் வகுத்தால் ஈவுகள் ஏறத்தாழ 11,268, 13,933, 15,231, 12,042. முதல் கூடுதல் இருக்கை முஸ்லிம்களுக்கு. அவர்கள் இப்போது 9. எனவே அடுத்த சுற்றில் பத்தால் வகுக்க வேண்டும், ஈவு 13,708 ஆக இறங்கிவிடுகிறது. இரண்டாவது இருக்கை பொது மக்களுக்குப் போகிறது. மூன்றாவது மீண்டும் முஸ்லிம்களுக்கு, நான்காவது மீண்டும் பொது மக்களுக்கு. இருக்கை எந்தச் சமூகத்துக்கு என்று தெரிந்ததும், அந்தச் சமூகத்தைச் சேர்ந்த, கட்சி சார்பில் நின்று தோற்றவர்களில் தம் தொகுதியில் அதிக விழுக்காடு வாக்கு வாங்கியவர் யார் என்று தேடி அவரை அவைக்கு அழைக்கிறார்கள்.

முதல் நான்கு இருக்கைகளில் கட்சி பார்ப்பதில்லை. அப்படியே விட்டால் நூலிழைப் பெரும்பான்மை பெற்ற கட்சி இந்தக் கணக்கினாலேயே ஆட்சியை இழந்துவிடலாம் அல்லவா? அதற்காகத்தான் பின்னால் நான்கு. முதல் நான்கில் எத்தனை பிற கட்சிகளுக்குப் போனதோ, அத்தனை இருக்கைகள் வென்ற கட்சியின் தோற்ற வேட்பாளர்களுக்கு ஈடாக அளிக்கப்படும். 1967 தேர்தலில் சிவசாகர் ராம்கூலம் தலைமையிலான விடுதலை ஆதரவுக் கூட்டணி 39 இடங்களும், எதிரணி 23 இடங்களும் பெற்றன. கணக்கு முடிந்தபோது 43-க்கு 27. வித்தியாசம் முன்பும் 16, பின்பும் 16. மக்கள் தீர்ப்பு அசையவில்லை. அவையில் உட்கார்ந்த முகங்கள் மட்டும் கூடின. யாரிடமிருந்தும் ஓர் இருக்கையைப் பறிக்காமல் இதைச் செய்கிறது என்பதுதான் இந்த ஏற்பாட்டின் அழகு.

இது கலவரத்தையே தடுத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். 1968 ஜனவரியில் தலைநகர் போர்ட் லூயிஸில், அடிமைகளாக வந்தவர்களின் வாரிசுகளான கிரியோல் மக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே மோதல் வெடித்து, பிரிட்டிஷ் படை வரவழைக்கப்பட்டது. இரண்டு மாதத்தில், மார்ச் 12 அன்று, நாடு விடுதலை அடைந்தது. அப்படித் தொடங்கிய நாட்டில் தேர்தல் வழியாக ஆட்சி மாறிக்கொண்டே வந்திருப்பது சிறிய செய்தி அல்ல.

கணக்கு தடுமாறும் இடங்களும் உண்டு. 1982-இல் ஒரே கூட்டணி முதன்மைத் தீவின் 60 இடங்களையும் வாரிக்கொண்டது. 1995-இலும் 2024-இலும் அதுவே நடந்தது. வென்ற அணியில் தோற்றவர் ஒருவரும் இல்லாதபோது ஈடு செய்யும் நான்கு இருக்கைகளை யாருக்குத் தருவது? 1982-இலும் 1995-இலும் நாடாளுமன்றம் 66 பேரோடு நின்றுவிட்டது. எதிர்க்கட்சி என்று சொல்ல ஒரு கைப்பிடி உறுப்பினர்களே இருந்தார்கள். சமூகங்களின் சமநிலையைப் பார்க்கும் ஏற்பாடு, கட்சிகளின் சமநிலையைக் காக்கப் போதவில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் 1972. கணக்கெடுப்பில் சமூகத்தைக் கேட்பது அதன் பிறகு கைவிடப்பட்டது. மக்களைப் பிரித்து எண்ணக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் இருக்கைகளுக்கான வகுத்தல் தொடர்ந்தது, பழைய எண்களை வைத்தே. அந்தக் கணக்கெடுப்பின்போது பிறந்திராதவர்களுக்கும் அதே பங்கீடுதான்.

சமூகங்களை அடைத்த அந்த நான்கு பெட்டிகளுமே சரியாக அமைந்தவையா என்றால், அதுவும் இல்லை. வாழ்க்கை முறையைப் பார்த்து முதல் மூன்றில் எதிலும் சேராதவர் எவரோ, அவரெல்லாம் பொது மக்கள் என்கிறது அரசியலமைப்பு. மீந்தவர்களுக்கான பெட்டி அது. கரும்புத் தோட்டங்களை ஆண்ட பிரெஞ்சுக் குடும்பங்களின் வாரிசுகளும், அந்தத் தோட்டங்களில் அடிமைப்பட்டுக் கிடந்தவர்களின் வாரிசுகளான கிரியோல்களும் அதில் ஒன்றாக அடங்குகிறார்கள். பிரெஞ்சு வம்சாவளியினர் ஒருவர் வென்றால் கிரியோல்களுக்கும் இடம் கிடைத்ததாகக் கணக்கு சொல்லும். இதை என்னால் ஏற்கவே முடியவில்லை. கணக்கில் இடம் பெற்றவர்களாகக் காட்டப்பட்ட கிரியோல்களின் கோபம் பின்னர் வெளிப்பட்டது: 1999 பிப்ரவரியில், காயா என்ற கிரியோல் பாடகர் போலீஸ் காவலில் இறந்ததும் தீவு பற்றி எரிந்தது.

தமிழர்களும் இந்தக் கணக்கில் தனியாக இல்லை. தெலுங்கர், மராட்டியரோடு இந்துப் பெட்டிக்குள்தான் வருகிறார்கள். 1992-இல் நாடு குடியரசானபோது முதல் குடியரசுத் தலைவரான வீராசாமி ரிங்காடு தமிழ் வம்சாவளியினர். ஆனால் கணக்குக்கு அந்த வேறுபாடு தெரியாது. தெரியவேண்டிய இடம் வேறாக இருந்தது. 1998-இல் புதிய ரூபாய்த் தாள்களில், அதுவரை இந்திக்கு மேலே இருந்த தமிழ் கீழே இறக்கப்பட்டிருந்தது. தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். அந்தத் தாள்கள் திரும்பப் பெறப்பட்டு, பழைய வரிசையில் புதியவை அச்சாயின. அங்கீகாரம் என்பதை இருக்கை எண்ணிக்கையால் மட்டும் அளக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

எந்தச் சமூகம் என்று சொல்லவே மறுத்தவர்களும் வந்தார்கள். 'ரெசிஸ்டான்ஸ் எக் ஆல்டர்நேட்டிவ்' இயக்கத்தினர் வேட்புமனுவில் அதை நிரப்ப முடியாது என்றார்கள். அவர்கள் மனுக்கள் தள்ளப்பட்டன. வழக்கு ஐ.நா. மனித உரிமைக் குழு வரை போனது. பழைய எண்களை வைத்துக்கொண்டு கட்டாயமாகச் சமூகத்தைக் கேட்பது உரிமை மீறல் என்று அக்குழு 2012-இல் கூறியது. 2014 தேர்தலுக்கு மட்டும் பொருந்தும் வகையில் அரசியலமைப்பைத் திருத்தி, அறிவிக்காமலும் நிற்கலாம் என்றார்கள். அப்படி நின்றவருக்கு அந்த எட்டு இருக்கைகளில் உரிமை இருக்கவில்லை.

தென்னாப்பிரிக்க நீதிபதி ஆல்பி சாக்ஸ் தலைமையிலான ஆணையம், கட்சிகளின் வாக்கு விகிதப்படி 30 இருக்கைகளைக் கூட்டலாம் என்று 2002-இல் பரிந்துரைத்திருந்தது. நான் அந்தப் பக்கம்தான் சாய்கிறேன். மூவரை நிறுத்தும்போது சமூகங்களைக் கலக்கத் தெரிந்த கட்சிகளுக்கு, முப்பது பேர் பட்டியலில் கலக்கத் தெரியாதா? ஒரே அணி 60-ஐயும் வாரிக்கொண்டாலும் எதிரணிக்கு அவையில் போதிய குரல் இருக்கும். வேட்பாளரும் தான் யார் என்பதை நான்கு பெட்டிகளில் ஒன்றுக்குள் அடக்கி எழுத வேண்டியிருக்காது.