போனஸ்: மிகையா, பாக்கியா?

லத்தீனில் 'போனஸ்' என்றால் வெறுமனே 'நல்ல' என்று பொருள். 18ஆம் நூற்றாண்டில் லண்டன் பங்குச் சந்தைக்காரர்கள் இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, மேற்கொண்டு கிடைக்கும் பணத்துக்குப் பெயராக வைத்தார்கள். 'நல்ல பொருள்' என்று சொல்ல 'போனும்' என்றுதான் இருந்திருக்க வேண்டும். தரகர்களுக்கு இலக்கணம் எதற்கு!

இந்தியத் தொழிலாளி வாயில் இந்தச் சொல் ஏறியது முதல் உலகப் போர்க் காலத்தில். விலைவாசி எகிறியது, மில்களுக்கு லாபம் கொட்டியது. பம்பாய் ஆலை முதலாளிகள் 1917 ஜூலையில் கூலிக்கு மேல் 10 சதவீதம் 'போர் போனஸ்' கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு 15 சதவீதம். அகமதாபாத்தில் காரணம் வேறு. அங்கே பிளேக் பரவியது. தொழிலாளர்கள் ஊரைக் காலி செய்துவிடாமல் இருக்க 'பிளேக் போனஸ்' கொடுத்தார்கள். நோய் தணிந்ததும் 1918 தொடக்கத்தில் அதை நிறுத்தினார்கள். காந்தி உண்ணாவிரதம் இருந்த புகழ்பெற்ற அகமதாபாத் போராட்டம் அதிலிருந்து கிளம்பியதுதான். ஆள் தேவைப்படும்போது கொடுப்பார்கள், தேவை தீர்ந்ததும் எடுத்துவிடுவார்கள். 'நல்ல' என்ற சொல்லின் லட்சணம் இது.

பம்பாயில் போருக்குப் பிறகு சில ஆண்டுகள் ஒரு மாதக் கூலியை ஆண்டு போனஸாகக் கொடுத்துவந்தார்கள். 1923க்குக் கிடையாது என்றதும் 1924இல் ஒன்றரை லட்சம் பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். விசாரித்த குழு, வழக்கப்படியோ சட்டப்படியோ நியாயப்படியோ இவர்களுக்கு உரிமை இல்லை என்றது.

வாட்ஸ்அப்பில் தீபாவளிக்குத் தீபாவளி ஒரு கதை சுற்றும். முன்பு வாரக்கூலிதானாம், 52 வாரத்தை நான்கால் வகுத்தால் 13 மாதம், வெள்ளைக்காரன் மாதச் சம்பளமாக்கி ஒரு மாதத்தை விழுங்கினான், அதுதான் போனஸாகத் திரும்பி வந்ததாம். கணக்கு சரி, ஆனால் வரலாறு அப்படிப் போகவில்லை. ஒரு மாதச் சம்பளம் எகிறிக் குதித்து வந்ததல்ல, நீதிமன்றத்துக்கும் ஆலை வாசலுக்குமாக அரை நூற்றாண்டு இழுபட்டு வந்தது.

அந்த இழுபறியில் கான்பூர் மியூர் மில் வழக்கைக் கட்டாயம் சொல்ல வேண்டும். போனஸ் சும்மா கொடுக்கும் அன்பளிப்பு அல்ல, அதே சமயம் ஒத்திவைத்த கூலியும் அல்ல என்றது உச்ச நீதிமன்றம். கூலி என்று ஒப்புக்கொண்டால், பங்குதாரருக்கு ஈவுத்தொகை கொடுப்பதற்கு முன்பே போனஸைக் கொடுத்தாக வேண்டும் என்பதும் அங்கே சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. சிக்கல் அங்கேதான் இருந்தது.

1965இல் போனஸ் சட்டம் வந்தது. ஆண்டுச் சம்பளத்தில் குறைந்தபட்சம் 4 சதவீதம், பிற்பாடு 8.33, அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு. உச்சவரம்பு 20. குறைந்தபட்ச போனஸை லாபம் வந்தாலும் வராவிட்டாலும் தரவேண்டும். லாபமே இல்லாதபோதும் தரவேண்டியதை லாபத்தில் பங்கு என்று எப்படிச் சொல்வது? ஆனால் 8.33க்கு மேல் போக வேண்டுமென்றால் 'உபரி'க் கணக்குப் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கில் தேய்மானம், வரி, அப்புறம் பங்கு மூலதனத்துக்கு 8.5 சதவீதம் எல்லாவற்றையும் முதலில் கழித்துவிடுவார்கள். முதல் பந்தியில் மூலதனம் உட்காரும். உழைத்தவர் இலைக்கு மிச்சம் வரும்.

இனி தமிழ்ச் சொல். அகராதியும் அரசாணையும் சொல்வது 'மிகையூதியம்'. 'ஊக்கத்தொகை' என்றும் சிலர் எழுதுகிறார்கள், அது தவறு. ஊக்கத்தொகை உற்பத்தியைக் கூட்டினால் தருவது, வேறு சங்கதி. மிகையூதியத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ஊதியம் என்றால் பழந்தமிழில் சம்பளம் இல்லை, ஆதாயம். 'முதலிலார்க்கு ஊதியம் இல்லை' என்கிறது குறள் 449: போட முதல் இல்லாதவனுக்கு லாபமும் இல்லை. அந்தப் பொருளில் எடுத்தால் மிகையூதியம் என்பது உபரி லாபம். முதலாளி கையில் இருப்பதற்குப் பொருத்தமான பெயர். இன்றைய பொருளில் எடுத்தாலோ, சம்பளத்துக்கு மேல் மிகையாகக் கொடுப்பது என்று ஆகிவிடுகிறது. உழைத்து முடித்த பன்னிரண்டு மாதத்துக்கான பணத்தில் மிகை எங்கே வந்தது? கேட்டால் 'பிடித்துவைத்த கூலி' என்றுதான் நான் சொல்வேன். அரசாணையில் ஏறாது, தெரியும்.

அரசாணை இன்னொரு சொல்லும் வைத்திருக்கிறது: 'கருணைத்தொகை'. தமிழக அரசுப் போக்குவரத்துக் கழகத்து நடத்துநருக்கு 20 சதவீதம் என்று அறிவித்தால், 8.33 போனஸ், மீதி 11.67 கருணை. கணக்கிட எடுத்துக்கொள்ளும் சம்பளம் எவ்வளவு வாங்கினாலும் மாதம் 7,000 ரூபாய்தான். ஆண்டுக்கு 84,000, அதில் 20 சதவீதம் 16,800. ஆக, 7,000 ரூபாய் உரிமை, 9,800 ரூபாய் கருணை. வருஷம் முழுக்கப் படிக்கட்டுக் கூட்டத்தில் நசுங்கி டிக்கெட் கிழித்தவருக்கு யார் யாரிடம் கருணை காட்டுகிறார்கள் என்று தெரியவில்லை.

வீட்டுவேலை செய்யும் அக்காவுக்குப் போனஸ் சட்டம் கிடையாது; சேலையோடும் ஸ்வீட் பாக்ஸோடும் முடித்துவிடுகிறோம். சாப்பாடு கொண்டுவரும் தம்பியை 'பார்ட்னர்' என்று அழைப்பதால் அவருக்கும் இல்லை.

சட்டம் இருக்கும் இடத்திலும் ஒரு வசனம் ஓடும்: "தீபாவளி வரைக்கும் இருப்பா, போனஸ் வாங்கிட்டுப் போ." ஆடியில் வேலையை விட்டவர் போனஸ் போயிற்று என்றே நினைத்துக்கொள்கிறார். அப்படியில்லை. அந்த ஆண்டில் 30 நாள் வேலை செய்திருந்தால் போதும். இடையில் விலகியவருக்கும் வேலை பார்த்த காலத்துக்கான போனஸ் உண்டு. போய்க் கேட்கலாம்.