வீழ்ந்தவர்களா, மாண்டவர்களா?

பிரான்ஸில் உள்ள ஸ்ட்ராஸ்பூர் போய்வந்து ஒரு மாதம் ஆகிறது. கால்வாய், பாலம், மரச்சட்ட வீடு, ஜன்னல் தோறும் பூந்தொட்டி என்று காதலர்களுக்கென்றே கட்டிவைத்த மாதிரி ஊர். ஆனால் எனக்கு இன்னும் உறுத்திக்கொண்டிருப்பது, பயண ஏற்பாட்டாளர் கொடுத்த தமிழ்க் கையேடு அங்குள்ள போர் நினைவுச்சின்னத்துக்கு வைத்திருந்த பெயர்தான்: ‘வீழ்ந்த வீரத் தியாகிகளின் வெற்றிச் சின்னம்’. இதில் ‘சின்னம்’ ஒன்றைத் தவிர எல்லாமே தப்பு.

பிரெஞ்சில் அந்தச் சின்னத்தின் பெயர் ‘மொன்யுமான் ஓ மோர்’. மொன்யுமான் என்பது நினைவூட்டு, எச்சரி என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. மோர் என்றால் இறந்தவர்கள். நடுவில் இருக்கும் ஓ, நம்முடைய ‘கு’ உருபு செய்கிற வேலையைச் செய்கிறது. ஆக, இறந்தவர்களுக்கான நினைவுச்சின்னம், அவ்வளவுதான். முதல் உலகப் போர் முடிந்ததும் பிரான்ஸில் கிட்டத்தட்ட ஊருக்கு ஒன்று எழுப்பினார்கள், எல்லாவற்றுக்கும் இதே பொதுப்பெயர். வீரமும் வெற்றியும் நம் ஆள் கைக்காசு போட்டுச் சேர்த்தவை.

மற்ற ஊர்களில் இதைக்கூட மன்னித்துவிடலாம், ஸ்ட்ராஸ்பூரில் முடியாது. ரெபுப்ளிக் சதுக்கத்தின் நடுவே ஒரு தாய் உட்கார்ந்திருக்கிறாள், இரண்டு பக்கமும் உயிர் போகிற நிலையில் இரண்டு மகன்கள். ஒருவன் பிரான்ஸுக்காகப் போரிட்டவன், இன்னொருவன் ஜெர்மனிக்காக. எவன் எந்தப் பக்கம் என்று தெரியக் கூடாது என்பதற்காக இருவர் உடம்பிலும் சீருடை கிடையாது, துணியே கிடையாது. கைகள் மட்டும் கோத்திருக்கின்றன. சிற்பி திரிவியே செதுக்கியது, 1936இல் திறந்தார்கள். காரணம் எளிது. 1871 முதல் 1918 வரை, ஸ்ட்ராஸ்பூர் இருக்கும் அல்சாஸ் பகுதி ஜெர்மனியின் கையில் இருந்தது. அல்சாஸ், லொரேன் பகுதிகளிலிருந்து சுமார் 3,80,000 பேர் முதல் உலகப் போரில் ஜெர்மானியப் படையில்தான் இருந்தார்கள். வேறு ஊர்ச் சின்னங்களில் ‘பிரான்ஸுக்காக மாண்டவர்’ என்று இருக்கும். அது வெறும் புகழ்மொழி அல்ல, 1915ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தரும் தகுதி. இங்கே அதைப் பொறிக்க முடியாது. அதனால் ‘நம் இறந்தோருக்கு’ என்பதோடு நிறுத்திவிட்டார்கள். வேண்டுமென்றே விட்ட அந்த இடத்தில்தான் நம் மொழிபெயர்ப்பாளர் ‘வெற்றி’ என்ற சொல்லைக் கொண்டுபோய்ச் செருகுகிறார். யாருடைய வெற்றி ஐயா?

சரி, ‘வீழ்ந்த’வுக்கு வருவோம். இது ஆங்கிலத்தின் வழியாக வந்த சரக்கு. பிரெஞ்சுக்காரன் இறந்தவர் என்று நேராகச் சொன்னதை ஆங்கிலக்காரன் விழுந்தவர் என்று மென்மையாக்கினான், நாம் அந்த மென்மையை எழுத்தெண்ணிப் பெயர்த்தோம். தேர்தலில் வீழ்ந்தார், ஆட்சி வீழ்ந்தது என்று தினமும் படிப்பவனுக்கு ‘வீழ்ந்த வீரர்’ என்றால் தோற்றவர்தானே. தமிழில் இதற்குச் சொல் இல்லாமல் இல்லை. பட்டார் என்பார்கள். ‘தொறு மீட்டுப் பட்டான்’ என்று பழைய நடுகற்களில் வரும், அதாவது மாட்டு மந்தையை மீட்கும் சண்டையில் உயிர்விட்டான். தஞ்சைப் பக்கம் பட்டவன் கோயில் இன்றும் உண்டு. ஆனால் இன்றைக்குப் பட்ட மரத்தோடு அந்தப் பொருள் நின்றுவிட்டதால், ‘பட்டார் சின்னம்’ என்று எழுதினால் யாருக்கும் விளங்காது. நானே எழுத மாட்டேன்.

தியாகியும் ஒத்துவராது. தியாகம் என்பது தானாக விட்டுக்கொடுப்பது. நம் ஊரில் தியாகி என்றால் பென்ஷன் வாங்கிக்கொண்டு உயிரோடு இருந்தவரையும் சொல்வோம். கட்டாயமாகச் சீருடை மாட்டி அனுப்பப்பட்ட அல்சாஸ்காரனை அந்தப் பட்டியலில் எப்படிச் சேர்ப்பது? இரண்டாம் போரில் ஹிட்லர் படையில் வலுக்கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்களை அங்கே ‘மல்க்ரே நூ’ என்றே அழைக்கிறார்கள், ‘எங்கள் விருப்பத்துக்கு மாறாக’ என்று பொருள்.

தனித்தமிழ் நண்பர் ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, நடுகல் என்று போட்டால் தீர்ந்தது என்றார். சின்னம் வடசொல்லாம், அதுவும் போய்விடுமாம். எனக்கும் நடுகல் பிடித்த சொல்தான், ஆனால் அது தனி ஒருவனுக்கு நட்டது. பெயரும் பீடும் எழுதி, மயில்பீலி சூட்டி, படையல் வைத்து, கடைசியில் தெய்வமாக்கிவிடுவார்கள். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பைக் கல்லைப் பாருங்கள், கூடலூர் ஆகோள் பூசலில், அதாவது மாடு கவரும் சண்டையில், இறந்த தீயன் அந்தவனின் கல் என்று ஆளையும் சண்டையையும் சேர்த்தே சொல்கிறது. ஸ்ட்ராஸ்பூரில் இருப்பது இதற்கு நேர் எதிர்: பெயர் இல்லை, பீடு இல்லை, பக்கம்கூட இல்லை. நல்ல தமிழ்ச் சொல் என்பதற்காகத் தவறான இடத்தில் நட முடியுமா? நினைவிடம் என்றாலோ மெரினா ஞாபகம் வரும், உடல் அடக்கம் செய்த இடம் என்று ஆகிவிடும். சின்னம் வடசொல்லாகவே இருக்கட்டும், பொருளாவது சரியாக இருக்கிறது.

என் வாக்கு ‘போரில் மாண்டோர் நினைவுச்சின்னம்’ என்பதற்கு. மாண்ட என்றால் பழந்தமிழில் மாட்சிமை மிக்க என்றும் பொருள் உண்டு; பிசிராந்தையார் ‘மாண்ட என் மனைவி’ என்று பாடியதைப் படித்து, பாவம் மனைவி இறந்துவிட்டாள் போல என்று நினைத்த மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். பெருமை சேர்த்தே தீருவேன் என்பவர்கள் அந்தப் பொருளை மனதில் வைத்துக்கொள்ளட்டும்.

அப்புறம், அதே கையேடு கால்வாய்க்கரைப் பகுதியான பெத்தித் பிரான்ஸுக்கு ‘காதலர் குட்டி பிரான்ஸ்’ என்று பெயர் வைத்திருந்தது. அந்தப் பெயர் வந்ததே அங்கே முன்பு இருந்த மேகநோய் (சிஃபிலிஸ்) மருத்துவமனையால்தான். அந்த நோய்க்கு ஜெர்மானியர் வைத்திருந்த பெயர், பிரெஞ்சு நோய்.