டைனோசருக்கு இறகு எதற்கு?

பாலக்கோட்டில் என் பெரியம்மா வீட்டு நாட்டுக்கோழி போன மாதம் குஞ்சு பொரித்தது. பொழுது சாய்ந்ததும் இறக்கையை விரித்து அத்தனை குஞ்சுகளையும் அடியில் சேர்த்துக்கொண்டு உட்காரும். ஒரு குஞ்சின் கால்கூட வெளியே தெரியாது.

இதே கோலத்தில் ஒரு டைனோசர் கிடைத்திருக்கிறது. மங்கோலியாவின் கோபி பாலைவனத்தில் 1993-இல் தோண்டி எடுத்த சிட்டிபாட்டி அது. காலை மடக்கி, முட்டைகளின் நடுவில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் கூட்டின் மேல் விரித்தபடியே ஏழு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு மணலில் புதைந்துபோனது. இதன் உறவினமான ஓவிராப்டர் 1920-களில் முட்டைகளோடு கிடைத்தபோது, அதற்கு 'முட்டைத் திருடன்' என்ற பொருளில்தான் பெயர் வைத்தார்கள். பாவம், அவை அதன் இனத்து முட்டைகளே என்று தெரிய எழுபது ஆண்டுகள் ஆயின.

சரி, வெறும் கையை விரித்தால் முட்டை மூடுமா? சிட்டிபாட்டியின் புதைவில் இறகு மிஞ்சவில்லை. ஆனால் அதே கூட்டத்தைச் சேர்ந்த காடிப்டெரிக்ஸின் கையிலும் வாலிலும் நீள இறகுகள் இருந்தது சீனாவில் கல்லிலேயே பதிந்திருக்கிறது. அது பறக்கும் பிராணி அல்ல. பறப்பதற்கு ரொம்ப முன்னாலேயே இறகு வந்துவிட்டது. குளிருக்குப் போர்வையாக, துணையைக் கவரும் அலங்காரமாக.

இறகின் தொடக்கம் எளிமையானது. 1996-இல் சீனாவின் லியாவோனிங் பகுதியில் கிடைத்த சைனோசாராப்டெரிக்ஸின் உடம்பில் இருந்தது கோழிக்குஞ்சின் பஞ்சு போன்ற மெல்லிய இழைகள்தான். அந்த இழைகளில் தங்கியிருந்த நுண்ணிய நிறமித் துகள்களின் வடிவத்தை வைத்து, அதன் வாலில் செம்பழுப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக ஓடின என்று 2010-இல் கண்டுபிடித்தார்கள். பன்னிரண்டு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு வாலின் நிறம் நமக்குத் தெரிகிறது! எனக்கு இன்னும் பிரமிப்பு அடங்கவில்லை.

சினிமாவில் வரும் வெலாசிராப்டர் ஆள் உயரம், பல்லி போன்ற தோல். உண்மையில் அது வான்கோழி அளவுதான். 2007-இல் அதன் முன்கை எலும்பில் வரிசையாகச் சிறு முண்டுகளைப் பார்த்தார்கள். பல பறவைகளுக்கு இறகின் அடித்தண்டு எலும்போடு பிணையும் இடத்தில் இதே முண்டுகள் உண்டு.

எல்லா டைனோசருக்கும் இறகு என்று சொல்லிவிட முடியாது. டைரனோசாரஸ் ரெக்ஸின் தோல் பதிவுகளில் செதில்தான் இருக்கிறது. ஆனால் அதன் சொந்தக்கார இனமான யூடைரனஸ், ஒன்பது மீட்டர் நீளம் இருந்தும், இறகு போர்த்தியிருந்தது. செதிலும் இறகும் ஒரே உடம்பில் இருக்குமா என்று கேட்டால், கோழியின் காலைக் காட்டுவேன்.

நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பாறைகளில் இதையெல்லாம் தேட முடியாது. அவை சுமார் 250 கோடி ஆண்டுப் பழசு, டைனோசர் பிறக்கும் முன்பே இறுகிப்போனவை. எலும்பு வேண்டுமென்றால் அரியலூர்ப் பக்கம் போக வேண்டும்.

அதுவரை, குழம்புக்குக் கோழி உரிக்கும்போது இறக்கையின் மணிக்கட்டை மெல்ல மடக்கிப் பாருங்கள். பக்கவாட்டில் மடங்கும். வெலாசிராப்டருக்கும் அங்கே பிறைவடிவ எலும்பு ஒன்று இருந்தது. அதன் மணிக்கட்டும் அப்படித்தான் மடங்கியது. படங்களில் வருவதுபோல உள்ளங்கை தரையைப் பார்த்துத் தொங்கவில்லை. கைதட்டப் போவதுபோல இரண்டு உள்ளங்கைகளும் ஒன்றையொன்று பார்த்திருந்தன.