மலக்குடல் அறுவையும் இடுப்பின் வடிவக் கணக்கும்

"மலக்குடல் புற்றுநோய் அறுவை ஆண்களுக்குக் கொஞ்சம் சிரமம் என்கிறார்களே, குடலில்கூட ஆண் பெண் வேறுபாடு உண்டா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

குடலில் பெரிதாக இல்லை. ஆணைவிடப் பெண்ணின் பெருங்குடல் சராசரியாக ஏறத்தாழ 10 செ.மீ. கூடுதல் நீளம், அதன் குறுக்குப் பகுதி பலருக்கு இடுப்புவரை தொங்கும். கொலனோஸ்கோப்பி (கேமராக் குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை) பெண்களுக்குக் கடினமாக இருப்பதற்கு இது ஒரு காரணம். ஆனால் கேள்வி மலக்குடலைப் பற்றியது. அங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது மலக்குடல் கிடக்கும் குழிதான்.

பெண்ணின் இடுப்புக்கூடு அகலமானது, ஆழம் குறைந்தது. முன்புற எலும்புகள் சேரும் வளைவின் கோணம் பெண்ணுக்குப் பொதுவாக 80 பாகைக்கு மேல். ஆணுக்கு 70-க்குக் கீழே. ஆணின் குழி புனல்போலக் கீழே போகப் போகக் குறுகும். அதன் அடியில் மலக்குடலும், அதைப் போர்த்திய கொழுப்புறையும் அடைந்து கிடக்கின்றன. அந்த உறைக்குள்தான் புற்றுநோய் பரவக்கூடிய நிணநீர்க் கணுக்கள் உள்ளன. அதைக் கிழிக்காமல் முழுப் பொதியாக எடுக்கவேண்டும் என்பதை இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் பில் ஹீல்ட் 1982-இல் வலியுறுத்தினார். இன்றும் அதுவே அடிப்படை.

பொதியைப் பிரித்த பின் கட்டிக்குக் கீழே குடலை வெட்டவேண்டும். சிக்கல் தொடங்குவது இங்கேதான். லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளைகள் வழியே செய்யும் அறுவையில்) ஸ்டேப்ளர், அதாவது குடலைத் தாடைகளுக்கிடையே அழுத்திப் பின்களால் மூடி வெட்டும் நீண்ட தண்டுக் கருவி, பெரும்பாலும் வலது அடிவயிற்றுத் துளை வழியாக இறங்கும். அதன் தாடை குடலுக்குச் செங்குத்தாகக் குறுக்கே விழவேண்டும். தாடையின் கழுத்து ஓரளவுதான் மடங்கும். மீதிக் கோணத்துக்குத் தண்டையே சாய்க்கவேண்டும். அகன்ற இடுப்பில் சாய்க்கலாம். குறுகிய இடுப்பில் தண்டு எலும்பில் முட்டி நிற்கும், தாடை சாய்வாகவே விழும்.

சாய்வாக விழுந்தால் என்ன? தட்டையாக அழுத்திய குடலின் அகலம் 4 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 45 பாகைச் சாய்வில் வெட்டுக்கோடு 5.7 செ.மீ. ஆகிவிடும். 60 மி.மீ. தாடை அதற்குப் போதும்தான், ஆனால் அந்த இடுக்கில் அது திரும்பாது. 45 மி.மீ. தாடை திரும்பும், ஆனால் ஒரே அழுத்தில் முடியாது. இரண்டு, மூன்று முறை அழுத்தினால் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடங்களில் பின்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ஓரத்தில் இரத்த ஓட்டம் குறைந்த கூர்முனையும் மிஞ்சும். பிறகு மேல்குடலை இதனோடு இணைத்தபின் கசிவு தொடங்குவது இத்தகைய இடங்களில்தான். அழுத்தும் எண்ணிக்கை கூடக் கூடக் கசிவும் கூடுகிறது. ஆண்களுக்கு இணைப்புக் கசிவு அதிகம் என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதற்கு வழிகள் உண்டு. உதவியாளர் வெளியிலிருந்து ஆசனவாய்ப் பகுதியைக் கைமுட்டியால் அழுத்தினால் குழியின் தரை சற்று மேலே வரும். அடிவயிற்றின் நடுத் துளை வழியாக முன்பின்னாக வெட்டலாம். அதுவும் முடியாதபோது ஆசனவாய் வழியே கையால் தைக்கலாம். தற்காலிகமாகச் சிறுகுடலை வயிற்றின் வெளியே திறந்துவிடுவது கசிவின் விளைவைக் குறைக்கும். கசிவே வராது என்று அதற்குப் பொருளில்லை.

பெண்களுக்கு இடம் தாராளம். ஆனால் கருப்பை காட்சியை மறைக்கும். வயிற்றுச் சுவர் வழியே ஒரு தையல் போட்டு அதைத் தூக்கிக் கட்டுவார்கள். யோனியின் பின்சுவர் மலக்குடலை ஒட்டியே இருக்கிறது. குடல் முனைகளை இணைக்கும் வட்ட ஸ்டேப்ளரை அழுத்துமுன் யோனிக்குள் விரல்விட்டு, அந்தச் சுவர் சிக்கவில்லை என்று உறுதிசெய்தே ஆகவேண்டும். சிக்கினால் இரண்டுக்கும் இடையே புரைவழி உண்டாகி, மலம் யோனி வழியே வரும். ஆசனவாய்ச் சுருக்குத்தசையின் முன்பகுதியும் பெண்களுக்குக் குட்டையானது, பிரசவத்தில் கிழிந்திருக்கவும் கூடும். தாழ்வான இணைப்புக்கு முன் அதன் வலிமையைச் சோதிக்காவிட்டால், கட்டி போன பிறகும் மலத்தை அடக்கமுடியாத துன்பம் மிஞ்சும்.

நரம்புகள் இருவருக்கும் ஒரே பாதையில்தான் ஓடுகின்றன. கடிகார முகம்போலப் பார்த்தால் மலக்குடலின் முன்புறம் 10 மணிக்கும் 2 மணிக்கும் நரம்புக் கட்டுகள் உள்ளன. ஆணுக்குப் புரோஸ்டேட் அருகே அவை அறுபட்டால் விறைப்பு போகும், சிறுநீர் கழிக்கமுடியாமல் தேங்கலாம். இதை ஆண்களிடம் முன்கூட்டியே சொல்லிக் கையெழுத்து வாங்குகிறார்கள். அதே நரம்புகள் சேதமானால் பெண்ணுக்கு வறட்சி, வலி, உணர்விழப்பு. இதைப் பற்றிய ஆய்வுகள் மிகக் குறைவு. அறுவைக்கு முன் பேசுவதும் குறைவு. கேட்கக் கூச்சப்படுவார்கள் என்று காரணம் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஆய்வுப் பணம் முதலில் போகவேண்டிய இடங்களில் இதுவும் ஒன்று.