ஸ்லோப் எண் பெரிதாக இருந்தால் நல்ல மைதானமா?

கோல்ஃப் மைதானங்களை மதிப்பிடுவது என் தொழில். ஒரு பொது மைதானத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் முதலில் கேட்பது, எத்தனை யார்டு நீளம், மைதானத்தின் கடினத்தைக் காட்டும் ஸ்லோப் எண் எவ்வளவு, பெரிய போட்டி ஏதாவது நடந்திருக்கிறதா என்பதுதான். பணம் கட்டி யார் வேண்டுமானாலும் ஆடலாம் என்ற இடத்தில் ஆட வருகிறவர் யார் என்று யாரும் கேட்பதில்லை.

ஸ்லோப் 55-இலிருந்து 155 வரை போகும், இயல்பான மைதானத்துக்கு 113. ஆண்களில் ஸ்க்ராட்ச் ஆட்டக்காரர், அதாவது கைதேர்ந்தவர், டீயிலிருந்து (முதல் அடி அடிக்கும் இடம்) 250 யார்டு அடிப்பார், போகி ஆட்டக்காரர், அதாவது சாதாரண ஆட்டக்காரர், 200 யார்டு அடிப்பார் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறோம். ஆக அந்த எண் தரத்தைச் சொல்வதே இல்லை. கைதேர்ந்தவரைவிடச் சாதாரண ஆட்டக்காரரை மைதானம் எவ்வளவு கூடுதலாக வதைக்கும் என்பதைச் சொல்கிறது, அவ்வளவுதான்.

நியூயார்க்கின் பெத்பேஜ் பிளாக் மாநில அரசின் மைதானம். அங்கே நடந்த 2002 யு.எஸ். ஓபன் போட்டியில் இரண்டாம் நாள் மழை, பத்தாவது ஹோலில் சில தொழில்முறை ஆட்டக்காரர்களாலேயே டீயிலிருந்து ஃபேர்வேயை (புல் குட்டையாக வெட்டிய ஆட்டப் பாதை) எட்ட முடியவில்லை. கைதேர்ந்தவர்கள் மட்டும் ஆடுங்கள் என்று முதல் டீ அருகே எச்சரிக்கைப் பலகையே வைத்திருக்கிறார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். ஆனால் அதே பூங்காவில் இன்னும் நான்கு மைதானங்கள் இருப்பதால்தான் அது செல்லுபடியாகிறது, ஊருக்கே ஒரு மைதானம் என்றால் இப்படி அமைப்பது அநியாயம்.

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸைப் பாருங்கள். அதுவும் பொது மைதானம்தான், ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஊர் மக்கள் உலாவ விட்டுவிடுகிறார்கள். 112 பங்கர்கள் (மணல் குழிகள்) உண்டு, ஆனால் ஃபேர்வே அவ்வளவு அகலம், பதினான்காவது ஹோலில் ஹெல் பங்கரைத் தாண்ட முடியாதவர் இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகலாம், ஒரு ஷாட் கூடும், பந்து தொலையாது. வல்லவர் துணிந்து அடிக்கவும் மற்றவர் சுற்றிப் போகவும் ஒரே ஹோலில் இடம் இருப்பதைத்தான் நான் நல்ல வடிவமைப்பு என்பேன்.

சரி, உங்கள் ஊர் மைதானத்தை எப்படிப் பார்ப்பது? மழை விட்ட மறுநாள் போங்கள், ஃபேர்வேயில் தண்ணீர் நிற்கிறதா என்று தெரிந்துவிடும். தொலைவில் இருக்கும் பின் டீயை விட்டுவிட்டு, ஹோலுக்குக் கிட்டே இருக்கும் முன் டீயில் நின்று, எதிரே குளமோ புதரோ இருந்தால் அதைத் தாண்டியே ஆகவேண்டுமா, பக்கத்தில் வழி உண்டா என்று பாருங்கள். விதிப்படி பந்தைத் தேட 3 நிமிடம்தான், ஃபேர்வேக்கு வெளியே உள்ள உயரமான புல்லான ரஃப் அதற்குள் தேடிப் பிடிக்க முடியாத அடர்த்தி என்றால் பின்னால் வருகிற குழுக்களெல்லாம் காத்துக்கிடக்கும். அப்புறம் ஸ்கோர் கார்டு. முன் டீக்கும் தனியாக ஸ்லோப் போட்டிருக்கிறார்களா? இல்லையென்றால் அந்த டீயை யாரும் அளந்ததே இல்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம்.